உருவிய துணிகளின் கணக்கு: 1641

1641 அக்டோபரில் அயர்லாந்தின் அல்ஸ்டரில் கிளர்ச்சி வெடித்தது. நிலம் பறிகொடுத்த கத்தோலிக்கர்கள், அந்த நிலத்தில் குடியேற்றப்பட்ட புராட்டஸ்டண்டுகள்மீது பாய்ந்தார்கள். அந்நாட்களைப் பற்றிய சுமார் 8000 வாக்குமூலங்கள் டப்ளின் டிரினிடி கல்லூரியில் 31 தொகுதிகளாக இருக்கின்றன. 2010 முதல் இணையத்திலும் கிடைக்கின்றன.

கொலைகளைத் தேடித்தான் நான் உள்ளே போனேன். கண்ணில் பட்டதோ மாடு, குதிரை, தானியம், வராக்கடன். 1641 டிசம்பரில் நியமிக்கப்பட்ட 8 பாதிரிமார் எழுதிக்கொண்டது முதலில் நஷ்டக் கணக்கை. அப்புறம் துணி. திரும்பத் திரும்பத் துணி. உடுத்தியிருந்ததை உருவிக்கொண்டு பனிக்காலத்தில் விரட்டியிருக்கிறார்கள். வாளுக்குத் தப்பியவர்களைக் குளிர் கொன்றது. ஐரிஷ் அண்டைவீட்டார் சிலர் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதும் இதே தாள்களில்தான் இருக்கிறது. அதை யார் எடுத்துச் சொன்னார்கள்?

போர்ட்டடவுன் பாலத்திலிருந்து ஏறக்குறைய 100 பேரை பேன் ஆற்றில் தள்ளி மூழ்கடித்தார்கள். அதில் ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் எலிசபெத் பிரைஸ். பிறகு அதே ஆற்றில் இடுப்பளவு எழுந்துநின்று பழி கேட்ட ஒரு பெண்ணுருவைப் பார்த்ததாகச் சொல்கிறாள். கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகள் போன தாய்க்கு ஆறு வேறெப்படித் தெரியும்?

பிரச்சினை அவளல்ல. இந்தத் தாள்களை வைத்து ஜான் டெம்பிள் 1646இல் புத்தகம் போட்டார். செத்தவர்கள், விரட்டப்பட்டவர்கள் 3 லட்சம் என்றார். அல்ஸ்டரில் குடியேறியவர்களே அத்தனை பேர் கிடையாது. 1649இல் டிராகெடாவில் நடத்திய படுகொலைக்கு குரோம்வெல் சொன்ன நியாயமும் 1641இன் ரத்தம்தான்.

1642 ஜனவரியில் ஐலண்ட்மகீயில் கத்தோலிக்கக் குடும்பங்களும் வெட்டப்பட்டன. அதைப் பற்றிய சாட்சியங்களை 1653இல்தான் கேட்டு எழுதினார்கள்.