போர்டி ஊரின் இருவகைப் பாலர் பள்ளிகள்

மும்பைக்கு வடக்கே, குஜராத் எல்லையை ஒட்டிய கடற்கரைச் சிற்றூர் போர்டி. சப்போட்டாத் தோட்டங்கள் நிறைந்த இவ்வூரில் 1945-ஆம் ஆண்டில் தாராபாய் மோடக் அம்மையார் பாலர் கல்விப் பணியைத் தொடங்கினார். அதற்கு முன்னரே பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றியவர் அவர். பின்னர் மும்பைத் தாதரில் குழந்தைப் பள்ளி நடத்தியவர். நகரத்துப் பிள்ளைகளுக்குப் பயன்பட்ட மாண்டிசோரி முறை நாட்டுப்புறத்து ஏழைகளுக்கும் பயன்படுமா என்பதே அவர் போர்டிக்குக் கொணர்ந்த வினா.

அங்கு உருவான பள்ளிகள் இருவகைப்பட்டன. ஒன்று நடுநிலையப் பாலவாடி. பொதுவானதோர் இடத்தில், குறித்த நேரத்தில் அது நடைபெறும். பிள்ளைகள் அங்கு வந்து சேர்தல் வேண்டும். மற்றொன்று முற்றத்துப் பாலவாடி. ஏழை மக்களின் குடியிருப்புக்கு ஆசிரியையே சென்று, வீட்டு முற்றத்தில், அவர்களுக்கு ஒத்த வேளையில் பிள்ளைகளைக் கூட்டுவார். விலைமிக்க கருவிகளுக்கு மாற்றாகக் கூழாங்கல்லும் கிளிஞ்சலும் இலையும் விதையும் எண்ணவும் வகைப்படுத்தவும் உதவின.

ஒழுங்கும் அமைதியும் நோக்கின் நடுநிலையமே சிறந்தது எனலாம். மழை வந்தால் முற்றத்தில் பள்ளி ஏது? ஆயினும், தாயும் தந்தையும் கூலிக்குச் சென்றபின் தம்பியை இடுப்பில் சுமந்து நிற்கும் சிறுமியை அந்த ஒழுங்கு எவ்வாறு எட்டும்? முற்றத்துப் பள்ளி அவளையும் எட்டிற்று. அதனால் அதுவே பொதுப்பள்ளி என்னும் பெயருக்கு மிகுதியும் உரியது என்பது எம் கருத்து.

1950-களின் பிற்பகுதியில் இப்பணி அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு, வார்லிப் பழங்குடியினரிடையே சென்றது. தாராபாயின் துணைவராய் நின்ற அனுதாயி வாக் அம்மையார் அதனை நெடுங்காலம் நடத்தினார். அங்குக் கைக்குழந்தை காப்பகம், பாலவாடி, தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்தன. தம்பியுடன் வரும் அக்காளும் படிக்கலாம். மாடு மேய்க்கும் சிறுவரை நாடி மேய்ச்சல் வெளிக்கே சென்ற பள்ளியும் உண்டு.

முற்றத்தை மராத்தியர் ‘அங்கண்’ என்பர். நம் பழந்தமிழிலும் ‘அங்கணம்’ முற்றமே. வள்ளுவர் அவையறிதலில் ஆண்ட சொல் அது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் நிலையங்கள் அங்கன்வாடி என்றே வழங்கப்பெற்றன. இன்று தமிழகத்துச் சிற்றூர்களிலும் அப்பெயர் வீட்டுச் சொல்லாகிவிட்டது. உணவும் தடுப்பூசியும் கல்வியோடு சேர்ந்தன. பணியாளரும் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்ணே. இவை பெரும்பேறு. எனினும், பெயர் முற்றத்துடையதாயிருக்க, நடைமுறை நடுநிலையத்தினுடையதாயிற்று: குறித்த இடத்திற்குக் குறித்த நேரத்தில் குழந்தை வர வேண்டும். மேய்ச்சல் வெளியைத் தேடிச் சென்ற கோஸ்பாட் முறை அத்திட்டத்துள் இடம்பெறவில்லை.