முப்பத்தைந்து டாலர் பாக்கி

1999 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். ஹாட்மெயிலுக்குள் நுழையப் போன பலர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சர்வர்கள் என்னவோ பழுதில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பின்னே எங்கே கோளாறு?

இணையத்தில் வீடு வேறு, விலாசம் வேறு. உங்கள் பக்கங்கள் குடியிருக்கும் சர்வர் இடம், ஹோஸ்டிங். அங்கே வந்துசேர உதவும் பெயர், டொமைன். இரண்டுக்கும் தனித்தனி வாடகை. கம்ப்யூட்டருக்குப் புரிவதோ எண்கள்தான். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித்தருவது டி.என்.எஸ். என்கிற ஏற்பாடு. 1983-ல் பால் மோகபெட்ரிஸ் வடிவமைத்தது.

ஹாட்மெயிலுக்கு வருகிறவர்களைச் சரிபார்த்து உள்ளே அனுப்பிய பெயர், பாஸ்போர்ட் டாட் காம். அதைப் புதுப்பிக்க வேண்டிய 35 டாலரைக் கட்ட மறந்து தொலைத்திருந்தது மைக்ரோசாஃப்ட். சந்தை மதிப்பில் அன்றைக்கு உலகின் நம்பர் ஒன் கம்பெனி!

இதைக் கண்டுபிடித்தவர், விண்டோஸுக்குப் போட்டியான லினக்ஸில் வேலை பார்த்த ஒரு புரோக்ராமர். கிறிஸ்துமஸ் அன்று தன் கிரெடிட் கார்டிலேயே பணத்தைக் கட்டினார். மறுநாள் காலை கதவு திறந்துவிட்டது. நன்றிக்கு 500 டாலர் செக் வந்தது.

ஆகவே, டொமைன் 'வாங்கிவிட்டேன்' என்று சொல்லாதீர்கள். எடுத்திருப்பது குத்தகைக்கு. யார் பெயரில் பதிவு, என்றைக்குக் கெடு? இன்றே பார்த்துவிடுங்கள். உங்களுக்காகப் பணம் கட்ட இன்னொருவர் வருவார் என்பது நிச்சயமில்லை.