நட்சத்திரங்களைக் கணக்கெடுத்த காசாளர்

வானியல் என்றாலே மலை உச்சியில் பெரிய கூண்டு, கோடிக்கணக்கில் செலவு, டாக்டர் பட்டம் வாங்கிய விஞ்ஞானிகள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் பள்ளி இறுதித் தேர்வில் தேறாத ஒருவர், 3 அங்குல தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உலக வானியலில் இடம் பிடித்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் ராதா கோவிந்த சந்திரா.

1878-ல் இன்றைய பங்களாதேஷில் உள்ள ஜெஸ்ஸூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதியும் தேறவில்லை. ஜெஸ்ஸூர் அரசுக் கருவூலத்தில் சிறிய சம்பளத்தில் காசு எண்ணும் வேலைக்குச் சேர்ந்தார். 1910-ல் வந்த ஹாலி வால்நட்சத்திரம் அவருடைய வானியல் ஆசையை இன்னும் வளர்த்தது. 1912-ல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குல தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார்.

1918 ஜூன் மாதம், திருவோணம் இருக்கும் கழுகு மண்டலத்தில், அதுவரை பார்த்திராத ஒரு பிரகாசமான நட்சத்திரம் அவர் கண்ணில் பட்டது. அது ஒரு 'நோவா', அதாவது திடீரென்று பல்லாயிரம் மடங்கு ஒளி கூடிய நட்சத்திரம். வெளியிலிருந்து செய்தி எதுவும் வருவதற்கு முன்பே அதைத் தானாகக் கண்டுகொண்டவர், ஹார்வர்ட் வானாய்வகத்தின் பிக்கரிங்குக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தொடர்பால், 1911-ல் தொடங்கப்பட்ட ஒளிமாறு நட்சத்திரப் பார்வையாளர்களின் அமெரிக்க சங்கத்தில் உறுப்பினரானார்.

ஒளிமாறு நட்சத்திரம் என்றால் என்ன? எல்லா நட்சத்திரமும் எப்போதும் ஒரே அளவில் ஒளிர்வதில்லை. திமிங்கில மண்டலத்தில் உள்ள மீராவை எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். பிறகு மங்கி, தொலைநோக்கி இல்லாமல் பார்க்கவே முடியாமல் போகும். ஒரு சுற்று முடிய சுமார் 332 நாட்கள். அந்த நட்சத்திரம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

இதை அளக்கும் முறை மிக எளிது. ஒளி மாறாத அக்கம்பக்கத்து நட்சத்திரங்களின் ஒளி அளவு குறிக்கப்பட்ட வரைபடத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று 7.2, இன்னொன்று 7.8. நம் நட்சத்திரம் இரண்டுக்கும் சரிபாதியில் இருந்தால் 7.5 என்று, நாளும் நேரமும் சேர்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான்!

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. பல வருடங்கள் சேர்த்தால்தான் நட்சத்திரத்தின் போக்கு தெரியும். பெரிய வானாய்வகங்களால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேலும் அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது வங்காளத்தில் இரவு. அங்கே விட்டுப்போகும் நேரத்தை இங்கே ஒருவர் நிரப்பினால் எவ்வளவு பெரிய உதவி! சந்திரா செய்தது அதைத்தான்.

அவருடைய உழைப்பைப் பார்த்த சங்கம், 1926-ல் சார்லஸ் எல்மரிடமிருந்து கிடைத்த 6 அங்குல தொலைநோக்கியை அமெரிக்காவிலிருந்து அவருக்கு அனுப்பி வைத்தது. பகலில் கருவூலத்தில் காசு எண்ணியவர், இரவில் நட்சத்திரங்களின் ஒளியைக் குறித்துக்கொண்டே இருந்தார். 1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய பதிவுகள் 37,000-க்கும் மேல்!

தேசப் பிரிவினையில் ஜெஸ்ஸூர் பாகிஸ்தானுக்குப் போனது. சந்திரா கல்கத்தாவுக்கு அருகில் உள்ள பாராசாத்தில் குடியேறினார். வயதாகிப் பார்ப்பதை நிறுத்திய பிறகு, அந்த 6 அங்குல தொலைநோக்கியை அவர் வீட்டில் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளவில்லை. அது இளம் வானியலாளர் வைணு பாப்புவிடம் போனது. பின்னாளில் அவர் வானாய்வகம் அமைத்த நம் ஜவ்வாது மலையின் காவலூருக்கும் வந்து சேர்ந்தது.

1975-ல் சந்திரா காலமானார். புதிய கொள்கை எதையும் அவர் உருவாக்கவில்லை. கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் 35 வருடங்கள் எழுதி வைத்தார். போன இரவுகள் திரும்பி வராது. அந்த இரவுகளில் அந்த நட்சத்திரங்கள் எப்படி இருந்தன என்று இன்று ஒருவர் தெரிந்துகொள்ள விரும்பினால், எவ்வளவு பெரிய தொலைநோக்கியாலும் காட்ட முடியாது. அன்று பார்த்து எழுதி வைத்தவர்களின் பதிவுகளைத்தான் புரட்ட வேண்டும். அவர்களில் ஒருவர், தேர்வில் மூன்று முறை தோற்ற இந்தக் காசாளர்.