மாராமண் சீர்திருத்தமும் மார்த்தோமா சபை வழிபாடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மலங்கரைச் சபையாரின் வழிபாட்டு மொழி சிரியாக். வீட்டு மொழி மலையாளம். குருமார் ஓதியதன் பொருளைக் கூடியிருந்தோருட் பெரும்பாலோர் அறியார். பம்பையாற்றங்கரையிலுள்ள மாராமண் தேவாலயக் குருவும் கோட்டயம் செமினாரியில் சிரியாக் கற்பித்தவருமான ஆபிரகாம் மல்பான் (1796–1845), யாக்கோபின் பெயரால் வழங்கும் குர்பானாவை (நற்கருணை வழிபாட்டை) மலையாளத்தில் நடத்தினார்.

இதனை மொழிபெயர்ப்பு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. புனிதரிடம் பரிந்துரை வேண்டும் பகுதிகளும் இறந்தோர்க்கான மன்றாட்டுகளும் அப்போதே நீக்கப்பட்டன. விவிலியத்தில் சான்றில்லாதது வழிபாட்டில் இடம்பெறலாகாது என்பதே அளவுகோல். 1837இல், 'முத்தப்பன்' எனப் போற்றப்பட்ட மரச்சிலையை அவர் கிணற்றில் இட்டதாகச் சபை வரலாறு கூறும்.

ஆயினும் ஆயர் முறைமை, குருமாரின் திருவுடை, திருப்பீடத் திரை, வழிபாட்டின் வரிசை ஆகியன கைவிடப்படவில்லை. 'குர்பானா' என்னும் சிரியாக் சொல்லும் நிலைத்தது. ஆங்கில மிஷனரிகளின் தாக்கம் மறுக்கத்தக்கதன்று. எனினும் அவர்தம் சபையில் சேராமல், தம் சபைக்குள்ளேயே மல்பான் நின்றமை நோக்கத்தக்கது.

அதன் விலை பின்னரே தெரிந்தது. 1889இல் திருவிதாங்கூர் அரச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் நீதிபதிகள் மூவருள் இருவர் அந்தியோக்கியப் பேராயரின் அதிகாரத்தை ஏற்கவே, சீர்திருத்தத் தரப்பார் செமினாரியை இழந்தனர். மார்த்தோமா சபை தனித்தியங்கலாயிற்று.

1895இல் பம்பை மணற்பரப்பில் கூடிய முதல் மாராமண் பெருங்கூட்டத்தில் சொற்பொழிவாற்றியோருள் 'தமிழ் டேவிட்' எனப்பட்டவரும் ஒருவர்.