கண்டல் தீவுகளின் கணக்கு

1955 ஆம் ஆண்டில், முப்பது வயதை எட்டாத அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் இலங்கைக்கு வந்து கண்டி மாநகர் சேர்ந்தார். அவர் நாடி வந்தது மாளிகையையுமன்று, மலைக்காட்சியையுமன்று, ஓர் எறும்பை. 1892 இல் பேராதனைப் பூந்தோட்டத்திற் பிடிக்கப்பட்ட அந்த எறும்பு, தன் குலத்தின் மிகப் பழைய கிளையொன்றில் எஞ்சி நிற்பது. உலகில் இலங்கையிலன்றி வேறெங்கும் அது வாழ்வதில்லை. கண்டியிலே தேடியும் கிட்டாமற்போகவே, அவர் இரத்தினபுரிக்குச் சென்றார். அங்கே உட்குடைந்த சுள்ளியொன்றைப் பிளந்தபோது அது கையிற் கிடைத்தது.

அவர் பெயர் எட்வேட் வில்சன். சிறுவனாயிருந்த காலத்தில் தூண்டிலிற் பிடித்த மீனின் முள் தைத்து வலக்கண் பார்வையை இழந்தவர். தொலைவிற் பறக்கும் பறவையை விட்டு, எஞ்சிய கண்ணருகே வைத்துப் பார்க்கத்தக்க சிற்றுயிர்களை அவர் தேர்ந்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

எவ்வுயிர் எவ்விடத்தில் வாழ்கிறது, அங்கு மட்டும் வாழ்வது ஏன் என்று வினவும் துறையே உயிர்ப்புவியியல். நெடுங்காலம் அது சேகரிப்போரின் துறையாகவும் கடந்ததைக் கூறும் துறையாகவுமே இருந்தது. சோதனைச்சாலையிற் செய்து பார்க்கக் கூடியதன்று என்ற எண்ணமும் வலுத்திருந்தது. நியூகினியிலும் பசிபிக் தீவுகளிலும் எறும்பு திரட்டிய வில்சனோ அவற்றில் ஓர் ஒழுங்கைக் கண்டார். தீவின் பரப்பு ஏறத்தாழப் பத்து மடங்கானால், இனங்களின் தொகை இரு மடங்காகின்றது. இஃது ஏன்?

கணிதம் பயின்று உயிரியலுக்கு வந்த றொபேட் மக்காதர் என்பவரோடு சேர்ந்து 1963 இல் அவர் இதற்கு விடை கூறினார். 1967 இல் அது நூலாயிற்று. வன்னிக் குளமொன்றை எண்ணிக்கொள்வோர்க்கு அவ்விடை எளிதில் விளங்கும். ஒரு புறம் நீர் வருகின்றது; மறுபுறம் வான் பாய்கின்றது. வரவும் போக்கும் ஒத்தால் மட்டம் மாறாது. ஆனால் நேற்றிருந்த நீர் இன்றில்லை. தீவும் அவ்வாறே. புதிய இனங்கள் வந்து சேர்கின்றன, பழையன அற்றுப்போகின்றன. தொகை நிலைக்கும்; பெயர்கள் மாறும். 1883 இல் எரிமலை வெடித்து உயிரற்றுப்போன கிரக்கத்தோவாத் தீவில் மீண்டும் குடியேறிய பறவைகளின் கணக்கு இதற்கு ஓரளவு சான்று பகர்ந்தது. எனினும் வேண்டியபோதெல்லாம் எரிமலையை வெடிக்கச் செய்தல் இயலுமா?

இயலும் என்ற துணிவோடுதான் வில்சனின் மாணவர் டானியல் சிம்பர்லோவ் முன்வந்தார். 1942 இற் பிறந்தவர். இளமாணிப் பட்டத்துக்கு அவர் கற்றது கணிதம். கலாநிதிப் பட்டத்துக்கு இத்தகைய சோதனையைத் தெரிவது சூதாட்டம் போன்றதே. தவறினால், ஆண்டுகள் சேற்றோடு போய்விடும்.

புளோரிடாவின் தென்முனையில், ஆழமற்ற கடலில், செங்கண்டல் மரங்களாலேயே அமைந்த சிறு தீவுகள் எண்ணற்றவை உள. புத்தளக் களப்போரத்திற் கண்டல் கண்டோர்க்கு அவற்றின் கவைவேர்த் தோற்றம் புதிதன்று. 11 முதல் 18 மீற்றர் வரை விட்டமுள்ள ஆறு தீவுகள் தெரியப்பட்டன. ஒவ்வொன்றிலும் இருபது முதல் ஐம்பது வரையான பூச்சி, சிலந்தி இனங்கள் வாழ்ந்தன. அவை யாவும் முதலிற் கணக்கெடுக்கப்பட்டன.

அடுத்தது அழித்தல். மருந்து தெளித்துப் பார்த்தனர். மரத்தைத் துளைத்து உள்ளே வாழ்வன தப்பிவிட்டன. எனவே, வீடுகளிற் பூச்சியொழிக்கும் நிறுவனமொன்றின் துணைகொண்டு தீவு முழுவதையும் கூடாரத்தால் மூடி, மெதைல் புரோமைட்டு வாயுவைச் செலுத்தினர். பகல் வெப்பத்தில் அவ்வாயு மரங்களையும் வருத்துமாதலால் இரவிலேயே இவ்வேலை நடந்தது. சுறாவுக்கு அஞ்சி வேலையாட்கள் நீரில் இறங்கத் தயங்கியபோது, ஆசிரியரும் மாணவரும் துடுப்பேந்திக் காவல் நின்றனர். சேற்றிற் புதையாது நடக்கச் சிம்பர்லோவ் பலகையாற் பாதணி செய்தார், அதனோடும் புதைந்தார்.

பின்னர் ஓராண்டளவு அவர் தீவு தீவாகச் சென்று, பட்டைக்கடியிலும் உலர்ந்த கொப்புக்குள்ளும் பார்த்து, வந்து சேர்ந்த ஒவ்வொன்றையும் குறித்தார். சில நூலிழையில் மிதந்து காற்றோடு வந்த சிலந்திகள். சில நுண்ணிய பூச்சிகள். ஏறத்தாழ 250 நாள்களில், மிகத் தொலைவிலிருந்த தீவு நீங்கலாக ஏனையவற்றில் இனத்தொகை பழைய அளவை அண்மியது. இனங்களோ பெரும்பாலும் வேறு. குளத்தின் மட்டம் திரும்பியது, நீர் புதியது. 1969 இல் முடிவுகள் வெளியாயின. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே புகழ்பெற்றனர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதையாயிருக்கும். சிம்பர்லோவ் தம் ஏடுகளை மீண்டும் விரித்தார். தாம் காட்டிய வரவுபோக்கிற் பெரும்பகுதி, தங்கி வாழாது வந்து செல்லும் பூச்சிகளின் கணக்கே என்றும், உண்மையான மாற்றம் மிகக் குறைவென்றும் 1976 இல் அவரே அச்சில் எழுதினார். தன் புகழுக்கு அடியாயிருந்த எண்ணைத் தானே குறைப்போர் எத்துறையிலும் சிலரே.

அவ்வாண்டிலே இன்னொன்றும் நிகழ்ந்தது. முந்திய ஆண்டில் வில்சன் உட்படச் சிலர், தீவுகளின் கோட்பாட்டைக் காடுகளுக்கும் பொருத்தி, பல சிறு காப்பகங்களிலும் ஒரு பெருங்காப்பகமே சிறந்தது என்றிருந்தனர். அக்கோட்பாடு அவ்வாறு கூறவில்லை என மறுத்தார் மாணவர். விலங்குகளைக் காக்க எந்நிலத்தை ஒதுக்குவது என்ற வினாவாதலால், வாதம் கடுமையாயிற்று. அதற்கு விடை காணும் பொருட்டு 1979 இல் தோமஸ் லவ்ஜோய் என்பார் பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே, மேய்ச்சலுக்காக வெட்டப்படும் அமேசன் காட்டில், 1, 10, 100 ஹெக்டெயர் அளவான துண்டங்களை விட்டுவைக்கச் செய்தார். அவற்றிற் கணக்கெடுக்கச் சென்றவர்களுள் பலர் மாணவர்களே.