எஸ்யூவி காருக்குப் புதிய டயர் வாங்கப் போகிறீர்களா? விலையைக் கேட்கும் முன் கவனிக்க வேண்டியவை!

புதுடெல்லி: எத்தனை பெரிய காராக இருந்தாலும், அது சாலையைத் தொடுவது நான்கு டயர்களின் வழியாக மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். குடும்பத்தினர் ஏழு பேரும் அவர்களது பயணப் பைகளும் ஏறிய எஸ்யூவி, மழை நேரத்தில் நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைப் பிரேக்குடன் சேர்ந்து அந்தச் சிறு பரப்பும் தீர்மானிக்கிறது. எனவே, டயரை மாற்றும்போது விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியாகாது.

எப்போது மாற்ற வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, காரின் டயர் பள்ளங்கள் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் கொண்டிருக்க வேண்டும். இதை அறிய அளவுகோல் தேவையில்லை. பள்ளங்களுக்கு இடையே ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேடுகளுக்குச் சமமாகிவிட்டால், டயரின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். ஆனால் 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டத்தின் கடைசி எல்லை மட்டுமே. சாலையில் தேங்கும் நீரை வெளியேற்றுவதே பள்ளங்களின் வேலை என்பதால், ஆழம் 3 மில்லிமீட்டரை நெருங்கும்போதே ஈரச் சாலையில் பிடிமானம் குறையத் தொடங்கிவிடும்.

குறைவாக ஓடும் காரிலும் ரப்பர் முதுமையடையும். பக்கச்சுவரில் வெடிப்போ புடைப்போ தென்பட்டால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் டயரைச் சோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டுகளைக் கடந்த டயரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் டயர் நிறுவனங்கள் பலவும் அறிவுறுத்துகின்றன. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

எண்கள் சொல்வது என்ன?

நடுத்தர எஸ்யூவிகளில் பரவலாகக் காணப்படும் 215/60 ஆர்17 96ஹெச் என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. அதாவது 129 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் வகை, 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்.

பலரும் கவனிக்கத் தவறுவது இறுதியில் உள்ள 96ஹெச் என்ற பகுதியைத்தான். 96 என்பது ஒரு டயர் 710 கிலோ வரை சுமக்கலாம் என்பதையும், ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரையிலான வேகத் தகுதியையும் குறிக்கின்றன. அதே அளவில் குறைந்த சுமைத் தகுதி கொண்ட டயர் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. கார் நிறுவனம் பரிந்துரைத்த சுமை, வேகத் தகுதிகளுக்குக் குறையாத டயரே ஏற்றது. இந்த விவரங்கள் ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் தாளிலோ, கையேட்டிலோ இருக்கும்.

தோற்றத்துக்காகப் பெரிய டயருக்கு மாறுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மேற்சொன்ன டயருக்குப் பதிலாக 215/65 ஆர்17 டயரைப் பொருத்தினால் அதன் விட்டம் சுமார் 3 விழுக்காடு கூடும். ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தைவிட உண்மையான வேகம் அதே விகிதத்தில் கூடுதலாக இருக்கும்.

எந்த வகை ஏற்றது?

நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓடும் குடும்ப எஸ்யூவிக்கு ஹெச்டி எனப்படும் நெடுஞ்சாலை வகை டயரே போதுமானது. இரைச்சல் குறைவு, எரிபொருள் சிக்கனம், ஈரச் சாலையில் நல்ல பிடிமானம் ஆகியவை இதன் சிறப்புகள். மண் பாதைகளிலும் மலைக் கிராமங்களிலும் அடிக்கடி செல்வோர் ஏடி வகையைத் தேர்வு செய்யலாம். சேற்றுக்கென உருவாக்கப்பட்ட எம்டி வகை, அன்றாடக் குடும்பப் பயணத்துக்கு ஏற்றதல்ல.

கடையில் பார்க்க வேண்டியவை

பக்கச்சுவரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் டயர்களுக்கு இது கட்டாயம். அடுத்து, நான்கு இலக்கங்கள் கொண்ட தயாரிப்புக் குறியீட்டைப் பாருங்கள். 3525 என்று இருந்தால், அது 2025ஆம் ஆண்டின் 35வது வாரத்தில் தயாரானது. பெரும் தள்ளுபடியில் கிடைக்கும் டயர் எனில், இந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் செலுத்த வேண்டும்.

கார் டயர்களுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முந்தைய விலை ரூ.10,000 எனில், முன்பு ரூ.12,800 ஆக இருந்த டயர் ரூ.11,800க்குக் கிடைக்க வேண்டும். டயரின் வரிசை எண் குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். உத்தரவாதம் கோர அது தேவைப்படும். குறைகள் இருப்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இரண்டா, நான்கா?

நான்கையும் ஒருசேர மாற்றுவதே நல்லது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வாகனங்களில் இது மேலும் முக்கியம். டயர்களின் விட்டம் வேறுபட்டால் இயக்கத்தைப் பகிரும் பாகங்கள் தேயும். இரண்டு மட்டுமே வாங்க முடியும் எனில், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்பக்கம் பொருத்த வேண்டும். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால், வேகத்தைக் குறைத்து ஓட்டுநர் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

பொருத்திய பின்

வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங் இரண்டையும் தவறாமல் செய்து, வால்வுகளையும் புதிதாக மாற்றுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குத் திடீர் பிரேக்கையும் அதிவேகத்தையும் தவிர்ப்பது நல்லது. மாதம் ஒருமுறையும் நீண்ட பயணத்துக்கு முன்பும், டயர் குளிர்ந்திருக்கும் நிலையில் காற்றழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். கதவருகே உள்ள தாளில் முழுச் சுமைக்கெனத் தனி அளவு தரப்பட்டிருக்கும். குடும்பத்துடன் புறப்படும்போது அதையே பின்பற்ற வேண்டும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதலாக மடங்கி விரிவதால் வெப்பம் ஏறுகிறது. கோடை வெயிலில், அதிவேகச் சாலையில் டயர் வெடிக்க இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று. எவ்வளவு விலை உயர்ந்த டயரும் இதற்கு விதிவிலக்கல்ல.