ஆர்சனிக் களச் சோதனைக் கருவிகள்

நிலத்தடி நீரில் கரைந்துள்ள ஆர்சனிக்கின் அளவைக் கிணற்றடியிலேயே கண்டறிய உதவும் கையடக்கக் கருவிகள். ஆர்சனிக் கலந்த நீருக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகே தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்பும் தோன்றும், புற்றுநோயும் வரக்கூடும். எனவே, சோதித்துப் பார்த்தாலன்றி ஆபத்தை அறிய முடியாது.

தோற்றம்

நஞ்சூட்டிக் கொன்ற வழக்குகளில் சான்று தேடிய பிரிட்டன் வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் வெளியிட்ட சோதனையே இவற்றுக்கு மூலம். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்தால் ஆர்சனிக், ஆர்சைன் வாயுவாக வெளியேறும். 1879இல் வேதியியலாளர் குட்சைட் அந்த வாயுவை வேதிப்பொருள் தோய்த்த தாளில் படச்செய்து, நிறமாற்றத்தைக் கொண்டு கண்டறியும் எளிய முறையைத் தந்தார்.

செயல்படும் விதம்

சிறு புட்டியில் கிணற்று நீரை ஊற்றி, அமிலத் தூளும் துத்தநாகத் தூளும் இட்டு மூடுவார்கள். மூடியில் செருகிய பாதரச புரோமைடு தாள், ஆர்சனிக் இருந்தால் மஞ்சளாகும். அளவு கூடக்கூடப் பழுப்பாகும். அதை நிற அட்டவணையோடு ஒப்பிட்டு அளவைக் கணிப்பார்கள்.

வங்காளத்தில் பயன்பாடு

குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970களில் யுனிசெஃப் உதவியுடன் வங்கதேசத்தில் குழாய்க்கிணறுகள் பெருகின. அவற்றின் நீரில் ஆர்சனிக் உள்ளதா என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. 1983 வாக்கில் மேற்கு வங்கத்திலும், 1993இல் வங்கதேசத்தின் சாப்பாய் நவாப்கஞ்சிலும் பாதிப்பு வெளிப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என வரம்பைக் குறைத்ததும் 1993இல்தான். வங்கதேசத்தின் வரம்போ 50.

2000களின் தொடக்கத்தில் அங்கே ஏறக்குறைய 50 லட்சம் கிணறுகள் இக்கருவிகள் அடங்கிய களப்பெட்டிகளால் சோதிக்கப்பட்டன. அந்நாட்டு வரம்பைத் தாண்டிய சுமார் 14 லட்சம் கிணறுகளின் குழாய்களுக்குச் சிவப்பும், மற்றவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. எழுத்தறியாதவர்களும் எந்த நீரைக் குடிக்கலாம் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டார்கள்.

துல்லியம்

வரம்பை ஒட்டிய அளவுகளில் இப்பெட்டிகள் தவறிழைப்பதை 2002இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். தாளை 20 நிமிடத்துக்குப் பதிலாக 40 நிமிடம் விட்டுவைத்தால் முடிவு மேம்படும் என 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

புதிய உணரிகள்

தங்க மின்முனையில் ஆர்சனிக்கைப் படியவைத்து, மீண்டும் கரையும்போது எழும் மின்னோட்டத்தை அளக்கும் கையடக்கக் கருவிகள் உருவாகியுள்ளன. ஆர்சனிக் பட்டதும் ஒளிரும்படி மரபணு மாற்றிய ஈ.கோலி பாக்டீரியாக்களைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2003இல் உருவாக்கினர். வியட்நாமின் கிணற்று நீரிலும் அவை பின்னர் சோதிக்கப்பட்டன.

மதிப்பீடு

ஆய்வக அளவீட்டின் துல்லியம் களப்பெட்டிக்கு இல்லை. ஆனால், கோடிக்கணக்கானோர் குடிக்கும் நீரை ஊர் ஊராகச் சென்று சோதிக்க இதுவே கைகொடுத்தது. வங்கதேசத்தில் 2000களில் நடந்த அந்தச் சோதனைக்குப் பின் தோண்டிய கிணறுகளில் பல நெடுங்காலம் சோதிக்கப்படாமல் இருந்தன. பழைய குழாய்களில் வண்ணம் மங்கிவிட்டது. ஒருமுறை சோதித்தால் போதாது. புதிதாகத் தோண்டும் ஒவ்வொரு கிணற்றையும் சோதித்தே ஆக வேண்டும்.